திருப்புளி நம் கையில், சாவி யார் கையில்? ரிப்பேர் உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

"போனை நாமளே திறந்தா கேஸ் போடுவாங்களாமே?" என்று கேட்டார் சித்தப்பா. அவருடைய போன் மாடிப்படியில் விழுந்து டிஸ்பிளே நொறுங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த அவர் மகன், "இல்லப்பா, ரிப்பேர் உரிமைச் சட்டம் வந்துடுச்சு. இனிமே கம்பெனிக்காரனே ஃப்ரீயா மாத்தித் தரணும்" என்றான். அப்பா சொன்னதும் தப்பு, பையன் சொன்னதும் தப்பு. ஆனால் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் "உரிமை" என்ற சொல். உரிமை என்றதும், இதுவரை செய்யக்கூடாத ஒன்றைச் செய்ய நமக்கு அனுமதி கிடைக்கப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க நமக்கு அனுமதி எப்போதோ இருக்கிறது. இல்லாதது வேறு.

ஃபேன் கண்டென்சரில் இருந்து தொடங்குவோம்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து "கண்டென்சர் போயிருக்கு சார்" என்கிறார். தெருமுனைக் கடையில் புதுசு ஒன்று வாங்கி, பழைய ஒயரைக் கழற்றிப் புதியதில் முறுக்கி, சுவிட்சைப் போடுகிறார். ஃபேன் பறக்கிறது. மொத்தம் கால் மணி நேரம்.

இவ்வளவு சாதாரணமான வேலைக்குப் பின்னால் நாம் கவனிக்காத சில வசதிகள் இருந்தன. கண்டென்சர் கடையில் தனியாகக் கிடைத்தது. மோட்டாரோடு சேர்த்துத்தான் தருவேன் என்று யாரும் சொல்லவில்லை. மெதுவாகச் சுற்றினால் எதைப் பார்க்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அவர் பையில் இருந்த திருப்புளியும் டெஸ்டரும் போதுமாக இருந்தன. இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், புதிய கண்டென்சரைப் பார்த்து "நீ என்னோடு பிறந்தவன் இல்லையே" என்று ஃபேன் முரண்டு பிடிக்கவில்லை.

இப்போது அதே இடத்தில் ஒரு போனை வைத்துப் பாருங்கள். அசல் பாகம் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது. எந்தச் சில்லு (ஐசி) எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கம்பெனியிடம் மட்டும். பரிசோதிக்கும் சாஃப்ட்வேர் சர்வீஸ் சென்டரில் மட்டும். எப்படியோ பாகத்தைத் தேடிப் பிடித்து மாட்டினாலும், போன் அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

ரிப்பேர் உரிமை என்பது இதற்கான பதில். பாகம், தகவல், கருவி ஆகிய மூன்றையும் நியாயமான விலையில் வாடிக்கையாளருக்கும் வெளிக்கடைக்காரருக்கும் தர வேண்டும், சாஃப்ட்வேரால் குறுக்கே நிற்கக்கூடாது என்று தயாரிப்பாளருக்கு விதிக்கப்படும் கடமை அது. பெயரில்தான் நம் உரிமை. சட்டத்தின் வாசகங்கள் முழுக்க அவர் கடமை.

இதுவரை வந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். இலவச ரிப்பேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாமே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; சென்னை ரிச்சி தெருவில் நமக்குத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுக்கலாம். அவர் வேலை செய்வதற்குத் தேவையானதைத் தயாரிப்பாளர் மறைத்து வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பாகம் தருகிறார்கள், எப்படித் தருகிறார்கள்?

"பாகம் தர வேண்டும்" என்று சட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்துவிடாது. எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்கு, எந்த அளவில் என்ற கேள்விகள் உடனே வரும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 டாலர் அல்லது அதற்கு மேல் விலையுள்ள மின்னணுப் பொருளுக்கு, அந்த மாடலின் உற்பத்தி நின்ற பிறகும் 7 வருடம் பாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. 50 முதல் 100 டாலருக்குள் என்றால் 3 வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கும், விற்பனை நின்ற பிறகு 7 வருடம் முக்கியமான உதிரிபாகங்கள் கிடைத்தாக வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட்டையும் அதே விதிகள் 5 வருடத்துக்குக் கட்டாயமாக்குகின்றன. பாகம் இருந்து அப்டேட் நின்றுபோனாலும் போன் பெட்டிக்குள்தான் போகும் என்பதைப் புரிந்தவர்கள் எழுதிய விதி.

நியூயார்க் சட்டத்தின் கதை கொஞ்சம் வேறு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா 2022 டிசம்பரில் கவர்னர் கையெழுத்துக்குப் போனபோது சில திருத்தங்கள் உள்ளே நுழைந்தன. 2023 ஜூலைக்கு முன் தயாரான பொருள்களுக்குப் பொருந்தாது என்பது ஒன்று. இன்னொன்று தந்திரமானது: தவறாக மாட்டினால் ஆபத்து என்று கருதும் இடங்களில் தனிப் பாகத்துக்குப் பதில் பல பாகங்கள் சேர்ந்த தொகுப்பாக விற்கலாம்.

தொகுப்பு என்றால் என்ன என்று பார்க்க மறுபடி ஃபேனுக்கே போகலாம். கண்டென்சர் கேட்டால், "கண்டென்சர், மோட்டார், மூன்று இறக்கை எல்லாம் சேர்ந்த செட் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது போல. பாகம் தரவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. விலையைக் கேட்டால் புது ஃபேனே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ரிப்பேரைத் தடுக்கச் சிறந்த வழி "முடியாது" என்று சொல்வது அல்ல, கட்டுப்படியாகாமல் செய்வது.

தகவலும் கருவியும்: கார்களிடம் கற்றது

இந்தச் சண்டை போன்களில் தொடங்கவில்லை, கார்களில் தொடங்கியது. காருக்குள் கம்ப்யூட்டர் புகுந்ததும், டாஷ்போர்டில் எரியும் விளக்கு எதைச் சொல்கிறது என்பதைப் படிக்க ஒரு ஸ்கேனர் தேவைப்பட்டது. அதைக் கம்பெனி தன் டீலருக்கு மட்டும் கொடுத்தது. மெக்கானிக்கின் காதும் மூக்கும் செல்லாக்காசாகிப்போயின.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 நவம்பரில் வாக்கெடுப்பில் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். அந்தத் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்பதற்கு 100க்கு 85 பேருக்கு மேல் ஆதரவு. ஒரு மாநிலத்துக்கு ஒரு விதி, இன்னொன்றுக்கு வேறு என்று ஆகிவிடுமே என்ற தலைவலியில், 2014இல் கார் நிறுவனங்களே நாடு முழுக்கத் தகவலைப் பகிர ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

அதே 2014 ஆகஸ்டில் நம் ஊரிலும் ஒன்று நடந்தது. அதிகம் பேசப்படாத சங்கதி இது. கார் உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது நீண்ட கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ரிப்பேர் உரிமை என்ற பெயரில் ஒரு சட்டம் இல்லாமலேயே, போட்டிச் சட்டத்தை வைத்து இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்திருக்கிறது.

பாகங்களுக்குப் போடும் பூட்டு

இனி வருவதுதான் இந்த விவகாரத்தின் இதயம். பாகம், தகவல், கருவி மூன்றும் கிடைத்த பிறகும் ரிப்பேரைத் தடுக்கும் வித்தை ஒன்று உண்டு. அதற்குப் பாக இணைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு பாகத்தின் அடையாள எண்ணை ஒரு குறிப்பிட்ட போனோடு சாஃப்ட்வேரில் கட்டிப்போடுவது.

எப்படி நடக்கிறது? டிஸ்பிளேயிலும் பேட்டரியிலும் கேமராவிலும் ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. அதில் அந்தப் பாகத்துக்கென்று ஒரு வரிசை எண். தொழிற்சாலையில் போனை உருவாக்கும்போதே, "உன் டிஸ்பிளேயின் எண் இது" என்று மெயின் போர்டில் பதிந்துவிடுகிறார்கள். பிறகு போன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பது முழுக்கத் தயாரிப்பாளர் எழுதிய சாஃப்ட்வேரின் இஷ்டம். எச்சரிக்கை மட்டும் காட்டலாம். ஒரு வசதியை அணைக்கலாம். போனையே முடக்கலாம்.

கவனிக்க: இங்கே போலிப் பாகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் போன் இரண்டை வாங்கி, இதன் டிஸ்பிளேயை அதற்கும் அதன் டிஸ்பிளேயை இதற்கும் மாற்றினாலும் எண் பொருந்தாது. இரண்டும் அசல்தான், ஆனாலும் இரண்டும் அந்நியர்கள்.

2021இல் வந்த ஐபோன் 13இல் இதுதான் நடந்தது. வெளிக்கடையில் டிஸ்பிளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி வேலை செய்யவில்லை. கேமராவும் சென்சாரும் போனிலேயே பத்திரமாக இருந்தன. மாறியது திரை மட்டுமே. கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, உடைந்த திரையிலிருந்து அந்தக் குட்டிச் சில்லைக் கழற்றிப் புதிய திரையில் பற்ற வைப்பது. பத்து நிமிட வேலைக்கு இப்படி ஓர் அறுவை சிகிச்சை. எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் பின்வாங்கி, சாஃப்ட்வேர் அப்டேட்டில் அதைச் சரிசெய்தது. பூட்டு தொழில்நுட்பத் தேவைக்காகப் போட்டதா, முடிவெடுத்துப் போட்டதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அப்டேட்டில் திறக்கும் பூட்டை அப்டேட்டிலேயே போடாமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் தயாரிப்பாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கைரேகை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரோ கழற்றி, எந்த விரலுக்கும் "சரி" சொல்லும் ஒன்றை மாட்டிவிட்டால்? வீட்டுப் பூட்டை மாற்ற வந்தவர் தனக்கு ஒரு சாவி வைத்துக்கொண்ட கதைதான். அதனால் சென்சாரைச் சோதிப்பதில் தப்பில்லை.

எல்லை எங்கே என்பதை ஐபோன் 6இன் "எர்ரர் 53" விவகாரம் காட்டியது. கைரேகை சென்சார் இருக்கும் ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றிய போன்கள், அப்டேட் போட்டதும் அந்த எண்ணைக் காட்டி மொத்தமாக முடங்கின. படம், தொடர்பு எண்கள் எல்லாம் உள்ளே. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. அதற்குப் பிறகு போன் வேலை செய்தது, கைரேகை மட்டும் வேலை செய்யவில்லை. என் பார்வையில் முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சந்தேகமான பூட்டை ஒதுக்கிவை, வீட்டைக் கொளுத்தாதே. வெளியாள் ரிப்பேர் செய்ததால் உங்களுக்கு எந்தப் பரிகாரமும் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக, இதே விவகாரத்தில் 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பாக இணைப்பைச் சட்டத்தால் நேரடியாகத் தடுத்த முதல் அமெரிக்க மாநிலம் ஆரிகன். 2024 மார்ச்சில் கையெழுத்தான அந்தச் சட்டம் 2025 முதல் விற்பனைக்கு வரும் மின்னணுப் பொருள்களில் இந்த வித்தையைத் தடை செய்கிறது. ஆப்பிளும் 2024 இலையுதிர்காலத்தில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18இல், ஒரு போனிலிருந்து கழற்றிய அசல் பாகத்தை இன்னொரு போனில் மாட்டினால் அங்கேயே பொருத்திக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது.

சுருக்கமாக: பாகம் கையில் இருப்பது ஒன்று, அதைப் போன் ஒப்புக்கொள்வது வேறு. பழைய சட்டங்கள் முதல் பாதியைப் பார்த்தன. புதிய சட்டங்கள் இரண்டாவதையும் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

சாஃப்ட்வேர் பூட்டை உடைத்தால்?

சித்தப்பாவின் "கேஸ் போடுவாங்களாமே" வந்தது இங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், படைப்புகளைக் காக்கும் சாஃப்ட்வேர் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. எண்ணத்தில் இருந்தது திருட்டு டிவிடி. ஆனால் டிராக்டர் முதல் காபி மெஷின் வரை எல்லாவற்றிலும் சாஃப்ட்வேர் நுழைந்ததும், அதே பூட்டு ரிப்பேருக்கும் குறுக்கே வந்து நின்றது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்டு மனுப் போட வேண்டும். கிடைக்கும் விதிவிலக்கும் வேடிக்கையானது: ரிப்பேருக்காகப் பூட்டை நீங்கள் உடைத்துக்கொள்ளலாம், ஆனால் உடைக்கும் கருவியைச் செய்து மற்றவருக்கு விற்க அது அனுமதி தருவதில்லை.

இதனால் அதிகம் அடிபட்டவர்கள் அந்த ஊர் விவசாயிகள். அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றால், பாகத்தை மாற்றிய பிறகும் டீலரின் லேப்டாப் வந்து ஒப்புதல் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்கு அதெல்லாம் தெரியாது. கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே ஒரு ரிப்பேர் சட்டம் கொண்டுவந்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012இல் பூட்டு உடைப்பு பற்றி ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதுதான் அங்கே குற்றம். உடைந்த டிஸ்பிளேயை மாற்றுகிறவருக்கு அந்த நோக்கம் எங்கிருந்து வரும்? ஆகவே சித்தப்பா நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த ஸ்டிக்கர் சொல்வது

"இதைக் கிழித்தால் வாரண்டி செல்லாது." ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் இந்தக் குட்டி ஸ்டிக்கர் பல வருடங்களாக ரிப்பேருக்கு எதிரான மலிவான காவல்காரன். வாரண்டி என்பது, இந்தக் காலத்துக்குள் இன்னின்ன கோளாறு வந்தால் சரிசெய்து தருகிறேன் என்று தயாரிப்பாளர் தரும் எழுத்து வாக்கு.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, எங்கள் பாகத்தை, எங்கள் ஆளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பொதுவாக வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. 2018இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு இதை நினைவூட்டி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் இவ்வளவு நேரடியான சட்டம் கிடையாது. அதனால் என் யோசனை எளிது: வாரண்டி காலம் ஓடும்வரை சர்வீஸ் சென்டருக்கே போங்கள். கொள்கைக்காகச் சண்டை போடலாம், ஆனால் வாரண்டி முடிவதற்குள் சண்டை முடியாது.

இன்னொன்று, உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டில் திறக்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். உப்பிய போன் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பினால் தீப்பிடிக்கும்.

இந்தியாவில் எங்கே நிற்கிறோம்?

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைக் கையில் எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. சித்தப்பா மகன் "சட்டம் வந்துடுச்சு" என்றது இதை வைத்துத்தான். அது சட்டம் அல்ல. நிறுவனங்களின் கையேடு, சர்வீஸ் சென்டர், வாரண்டி விவரங்களை ஓரிடத்தில் தேட உதவும் தளம்.

அடுத்த படி ரிப்பேர் மதிப்பெண். ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று எண்ணில் சொல்வது. ஃப்ரிட்ஜில் மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அது மாதிரி. பிரான்ஸ் 2021இலேயே பத்துக்கு இத்தனை என்று கடையில் காட்டச் சொல்லிவிட்டது. கழற்றுவது எளிதா, பாகம் கிடைக்குமா என்பதோடு பாகத்தின் விலையும் அந்தக் கணக்கில் வரும். இந்தியாவில் இதற்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. மொபைலும் டேப்லெட்டும் முதல் வரிசையில்.

மதிப்பெண் வந்தால் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது, வாங்குகிறவரின் கண்ணைத் திறக்கும். நட்சத்திரம் பார்த்து ஃப்ரிட்ஜ் வாங்கப் பழகிய நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை என்பது என் எண்ணம்.

அதுவரை கையில் இருப்பவை: ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மாட்டப்போகும் பாகம் அசலா காப்பியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் பாகம் இல்லை என்று இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சித்தப்பா ரிச்சி தெருவுக்குத்தான் போனார். டிஸ்பிளே காம்போ அன்றைக்கே மாட்டிக் கொடுத்தார்கள், திரை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் திரையில் விரல் வைத்தால் போன் திறப்பதில்லை. புதிய திரைக்கு ஏற்பச் சென்சாரைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் தன்னிடம் இல்லை, சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது என்றாராம் கடைக்காரர். சர்வீஸ் சென்டரில், வெளியில் திரை மாற்றிய போனைத் தொட மாட்டோம் என்றார்களாம். இப்போது நான்கு இலக்க எண் போட்டுத் திறக்கிறார். அந்த எண்ணையும் மறந்துவிடுவேனோ என்று போன் கவரின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.